ஒரே ஆல்பத்துக்கு 5 ஸ்டாரும் 2 ஸ்டாரும்.. இசை விமர்சகர்கள் மார்க் போடுவது எப்படி?

புது ஆல்பம் வெளியான சில மணி நேரத்திலேயே ஸ்டார், மார்க், கிரேடு என்று விமர்சனங்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. ஒருவர் கொண்டாடுவதை இன்னொருவர் தூக்கிக் கடாசுகிறார். இந்த மார்க்குகள் எங்கிருந்து வருகின்றன? அவற்றை எப்படிப் படிக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

2025 அக்டோபர் 3. டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'தி லைஃப் ஆஃப் எ ஷோகேர்ள்' ஆல்பம் உலகம் முழுவதும் வெளியானது. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அதற்கு முழுசாக 5 ஸ்டார் கொடுத்தது. பிரிட்டனின் 'தி கார்டியன்' கொடுத்தது 5-க்கு 2. 'பிட்ச்ஃபோர்க்' தளம் 10-க்கு 5.9 என்று தசமப் புள்ளியோடு தீர்ப்பு எழுதியது. மூவரும் கேட்டது அதே 12 பாடல்களைத்தான்.

ரசிகர்கள் இந்த மார்க் எதற்கும் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்தில் 40 லட்சம் பிரதிகளுக்கு இணையான விற்பனை. 2015-ல் அடெலின் '25' ஆல்பம் வைத்திருந்த முதல் வார சாதனை காலி.

சரி, விற்பனையைத் தடுக்கவும் முடியாது, தூக்கிவிடவும் தேவையில்லை என்றால் அந்த விமர்சனத்துக்கு வேலைதான் என்ன? அதைவிட முக்கியமாக, மூன்று பேரில் யார் சொல்வது சரி?

ஒரே இதழில் முழு மார்க்கும் முட்டையும்

இந்தக் குழப்பம் சமூக வலைதளக் காலத்தில் வந்தது என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவின் பழம்பெரும் ஜாஸ் பத்திரிகை 'டவுன்பீட்'. 1934-ல் சிகாகோவில் தொடங்கப்பட்டது. 1962 ஜனவரியில் அது ஒரு வேலை செய்தது. சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தை இரண்டு விமர்சகர்களிடம் கொடுத்து, இரண்டு விமர்சனங்களையும் ஒரே இதழில் அச்சிட்டது. பீட் வெல்டிங் கொடுத்தது 5 ஸ்டார். ஜான் டைனன் ஒரு ஸ்டார்கூட கொடுக்கவில்லை.

அது லேசுப்பட்ட ஆல்பம் அல்ல. நால்வர் கொண்ட இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள். ஸ்டீரியோவில் ஒரு குழு இடது பக்கம் கேட்கும், இன்னொன்று வலது பக்கம். கிட்டத்தட்ட 37 நிமிடம் இடைவெளியே இல்லாத ஒரே இசை. ஜாஸ் என்றால் இன்னின்ன ஒழுங்கு இருக்க வேண்டும் என்று கேட்டவருக்கு அது சத்தம். அந்த ஒழுங்கை உடைத்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்று கேட்டவருக்கு அது புது வாசல். இன்று அந்த ஆல்பத்தின் பெயரே ஒரு இசை வகையின் பெயராகிவிட்டது.

அதனால் டைனன் காது கேளாதவர் என்றாகிவிடாது. தான் எந்த அளவுகோலை வைத்துக் கேட்கிறேன் என்பதை அவர் மறைக்கவில்லை. இரண்டு விமர்சனங்களையும் சேர்த்துப் படித்த வாசகருக்கு, அந்த ஆல்பம் எப்படிப்பட்டது என்பது ஒரு விமர்சனம் படித்தவரைவிட நன்றாகவே புரிந்திருக்கும். சராசரி எடுத்து 2.5 ஸ்டார் என்று போட்டிருந்தால்? யாருக்குமே ஒன்றும் புரிந்திருக்காது.

சராசரி எடுக்கும் வேலையைச் செய்வது யார்?

அதைத்தான் இன்று 'மெட்டாக்ரிட்டிக்' தளம் செய்கிறது. 2001-ல் தொடங்கப்பட்ட இந்தத் தளம், பல பத்திரிகைகளின் விமர்சனங்களைத் திரட்டி 100-க்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாக மாற்றுகிறது. ஸ்டாரும் எழுத்து கிரேடும் எண்ணாக மாற்றப்படும். மார்க்கே போடாத விமர்சனமாக இருந்தால், அதைப் படித்துவிட்டு தளத்தின் ஊழியர்களே தோராயமாக ஒரு எண் கொடுப்பார்கள். எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடையும் கிடையாது. சிலவற்றுக்கு அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. எதற்கு எவ்வளவு என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பத்திரிகையின் மார்க்கும் ஒவ்வொரு பாஷை பேசும். பிட்ச்ஃபோர்க்கில் பெரும்பாலான ஆல்பங்கள் 6-க்கும் 8-க்கும் நடுவில்தான் விழும். அங்கே 5.9 என்றால் 'வழக்கத்துக்குக் கொஞ்சம் கீழே' என்று அர்த்தம். தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஆனந்த விகடன் சினிமா விமர்சனத்தில் 45 மார்க் வாங்கிய படத்தை யாரும் பாதிக்குக் கீழே என்று ஒதுக்குவதில்லை. '16 வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்த 62.5 இன்றுவரை பேசப்படுகிறது. பள்ளிக்கூடக் கணக்கில் அது சாதாரண மார்க். விகடன் கணக்கில் உச்சம்.

மார்க் போடும் பழக்கத்துக்கே ஒரு குறும்பான பின்னணி உண்டு. 1969-ல் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 'கன்ஸ்யூமர் கைடு' என்ற பத்தியைத் தொடங்கினார். மிக்ஸி, குக்கர் வாங்குவதற்கு வழிகாட்டுவதுபோல் இசைத்தட்டு வாங்கவும் ஒரு வழிகாட்டி. ஆல்பத்துக்கு ஒரு சின்ன பாரா, கூடவே ஏ, பி, சி என்று வாத்தியார் பாணியில் ஒரு கிரேடு. ராக் இசையை எதிர்ப்பின் குரலாக, புனிதமாகப் பார்த்த காலத்தில், அதை ஒரு சரக்காகவும் எடைபோட்டுக் காட்டியது அந்தப் பத்தி. கையில் இருக்கும் சில டாலரில் எந்தத் தட்டை வாங்குவது என்பது அன்றைய இளைஞருக்கு நிஜமான கேள்வி. ஸ்பாட்டிஃபையில் எல்லாமே இருக்கும் இன்றைக்கு அந்தக் கேள்வி மாறிவிட்டது. காசை எதில் போடுவது என்பது போய், நேரத்தை எதில் போடுவது என்றாகிவிட்டது.

ஒரு எண்ணால் வாழ்ந்தவர்களும் விழுந்தவர்களும்

1990-களின் நடுவில் மினியாபோலிஸ் நகரில் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் தொடங்கிய தளம்தான் பிட்ச்ஃபோர்க். 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு மார்க் போடுவது அதன் அடையாளம். 7.3-க்கும் 7.4-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனாலும் அந்தத் தசமப் புள்ளிதான் சண்டை மூட்டியது, கூட்டம் சேர்த்தது.

2000-ல் ரேடியோஹெட்டின் 'கிட் ஏ'வுக்கு 10.0 கொடுத்தபோது தளம் பரவலாகக் கவனிக்கப்பட்டது. 2004-ல் கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழு ஒரு சின்ன லேபிளில் வெளியிட்ட 'ஃப்யூனரல்' 9.7 வாங்கியது. அந்தக் குழு பெரிய மேடைகளுக்குப் போனதில் அந்த விமர்சனத்துக்கும் பங்குண்டு என்பது இசை உலகில் பரவலான கருத்து. அதே ஆண்டு, தான் இருந்த குழுவைவிட்டு வந்து ட்ராவிஸ் மாரிசன் வெளியிட்ட முதல் தனி ஆல்பமான 'ட்ராவிஸ்டான்' வாங்கியது 0.0. ஒரே ஆண்டு, ஒரே தளம். ஒருவருக்கு ஏணி, இன்னொருவருக்குப் படுகுழி.

2006-ல் ஆஸ்திரேலியாவின் ஜெட் குழுவின் 'ஷைன் ஆன்' ஆல்பத்துக்கு ஒரு வரிகூட எழுதாமல், ஒரு குரங்கின் வீடியோவை மட்டும் போட்டு 0.0 கொடுத்தார்கள். அன்று அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம். ஆனால் அதை விமர்சனம் என்று சொல்ல முடியாது. பல மாதம் உழைத்த ஒரு குழுவுக்கு என்ன குறை என்று சொல்ல ஒரு பாரா எழுதும் கடமை விமர்சகருக்கு இருக்கிறது. சும்மா கலாய்த்துவிட்டுப் போக விமர்சகர் எதற்கு?

வகைக்கு ஒரு காது

எல்லா இசையையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா? முடியாது என்பதற்கு நல்ல உதாரணம் மேற்கத்திய செவ்வியல் இசை. 1923 முதல் வெளிவரும் பிரிட்டனின் 'கிராமஃபோன்' இதழில், பீத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனி நல்ல படைப்பா என்று யாரும் விவாதிப்பதில்லை. அதை ஏற்கெனவே நூற்றுக்கணக்கானோர் பதிவு செய்துவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் பதிவு அவற்றுக்கு நடுவில் எங்கே நிற்கிறது? வேகம் எப்படி? ஒலிப்பதிவு எப்படி? கேள்வி அதுதான். ஒரே கீர்த்தனையைப் பல பாடகர்கள் பாடிக் கேட்டு ஒப்பிடும் கர்நாடக இசை ரசிகருக்கு இது பழகிய விஷயம்.

ஹிப்ஹாப்பில் கதையே வேறு. அங்கே 'தி சோர்ஸ்' இதழ் ஸ்டாருக்குப் பதிலாக மைக் கொடுத்தது. 1994-ல் நாஸ் என்ற இருபது வயது ராப்பரின் 'இல்மாட்டிக்' 5 மைக் வாங்கியது. ராக் பத்திரிகைகள் ராப்பை ஒரு ஓரமாக வைத்திருந்த காலத்தில், வார்த்தைக் கட்டையும் தெருவின் கதையையும் அறிந்தவர்களே எடைபோட்டு எழுதியதால் அந்த மைக்குகளுக்கு மரியாதை இருந்தது. ஆனால் அதே 1994-ல், இதழின் நிறுவனர்களில் ஒருவருக்கு நெருக்கமான ஒரு ராப் குழுவைப் பற்றிய கட்டுரை, ஆசிரியர் குழுவுக்கே தெரியாமல் இதழில் சேர்க்கப்பட்டது. ஆசிரியர்கள் பலர் வேலையை உதறிவிட்டு வெளியேறினார்கள். மார்க்கைவிட, மார்க் போடுபவரின் சுதந்திரம் பெரிது என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கோ விமர்சகர்கள் மேல் பழைய கோபம் ஒன்று இருக்கிறது. 1970-ல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தபோது, ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பாங்ஸ் அதைப் போட்டுத் தாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு லெட் செப்பலினின் முதல் ஆல்பத்துக்கும் அதே பத்திரிகையில் அடிதான் விழுந்தது. பிளாக் சபாத் ஆல்பம் இன்று ஹெவி மெட்டலின் தொடக்கப்புள்ளி. பெயரே இல்லாத புதிய வகை ஒன்று பிறக்கும்போது, பழைய காதோடு கேட்டால் இப்படித்தான் ஆகும்.

மாயாவின் உறுமி யார் காதில் விழுந்தது?

இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பெயர் வருகிறது. எம்.ஐ.ஏ. என்ற மாயா என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை இலங்கையிலும் கொஞ்ச காலம் சென்னையிலும் கழித்து, போர்ச் சூழலில் மீண்டும் லண்டன் போய்ச் சேர்ந்தவர். 2005-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரை வைத்தார்: 'அருளர்'. 2007-ல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயர்: 'கலா'.

மேற்கத்திய விமர்சகர்கள் இரண்டையும் கொண்டாடினார்கள். பிட்ச்ஃபோர்க்கில் 'கலா'வுக்கு 8.9. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அதை ரோலிங் ஸ்டோன் தேர்ந்தெடுத்தது. ஆனால் எதை வைத்து? அவரது அரசியல், ஈழப் பின்னணி, ஆடை, மேடை எல்லாவற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த ஆல்பத்தின் 'பேர்ட் ஃப்ளூ' பாடலில் உறுமி அதிர்கிறது. 'ஜெயம்' படத்தில் ஆர்.பி.பட்நாயக் இசையமைத்த ஒரு திருவிழாப் பாட்டின் துண்டும் அதில் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது சட்டென்று பிடிபடும். உறுமியைக் கோயில் கொடையிலோ சாவு வீட்டிலோ கேட்டிராத ஒருவருக்கு அது வெறுமனே 'விநோதமான தாளம்'. அவர் கொடுத்த மார்க் அதிகமாகவே இருக்கலாம். அவர் கேட்டது பாதிப் பாட்டுதான்.

இன்னொரு பிரச்னையும் இருந்தது. அந்த ஆல்பங்களின் ஒலிக்குப் பின்னால் இருந்தவர் டிப்லோ என்ற ஆண் தயாரிப்பாளர்தான் என்று பலரும் எழுதினார்கள். 2007-ல் பிட்ச்ஃபோர்க்குக்கே கொடுத்த பேட்டியில் மாயா இதை நேரடியாகக் கேட்டு மடக்கினார். 'அருளர்' ஆல்பத்தைத் தானே உருவாக்கியதையும், ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டிய உழைப்பின் பெயர் ஒரு ஆணுக்குப் போவதையும் சுட்டிக்காட்டினார். பின்னாளில் ஐஸ்லாந்து பாடகி பியோர்க், தனக்கும் இதே அனுபவம் என்று சொல்லி மாயாவின் இந்தப் பேட்டியை நினைவுகூர்ந்தார். பாராட்டு விமர்சனத்துக்குள்ளேயும் இப்படி ஒரு அநீதி ஒளிந்திருக்க முடியும். அதை எந்த மார்க்கும் காட்டிக்கொடுக்காது.

2010-ல் அவரது மூன்றாவது ஆல்பத்துக்கு அதே பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 4.4.

மார்க்கைத் திருத்தலாமா?

2021-ல் தனது 25-வது ஆண்டையொட்டி பிட்ச்ஃபோர்க் ஒரு சுயபரிசோதனை நடத்தியது. இன்று மார்க் போட்டால் என்ன போடுவோம் என்று 19 பழைய ஆல்பங்களைத் திரும்பக் கேட்டது. 2001-ல் 6.4 வாங்கிய டாஃப்ட் பங்க்கின் 'டிஸ்கவரி' ஒரேயடியாக 10-க்கு ஏறியது. 2003-ல் 0.0 வாங்கிய லிஸ் ஃபேரின் ஆல்பம் 6.0 ஆனது. 9.5 வாங்கியிருந்த இன்டர்போலின் முதல் ஆல்பம் 7.0-க்கு இறங்கியது.

லிஸ் ஃபேர் விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது. அந்த 0.0 விமர்சனத்தை எழுதிய மாட் லெமே, 2019-ல் ட்விட்டரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ராக் பாடகி ஒருவர் பாப் பாடல் பாட விரும்பியதையே குற்றமாகப் பார்த்த விமர்சனம் அது. ராக் என்றால் உண்மை, பாப் என்றால் போலி என்ற இந்தப் பார்வையை 2004-லேயே நியூயார்க் டைம்ஸில் கெலஃபா சானே கேள்வி கேட்டு எழுதியிருந்தார். அதன் பிறகு பாப் இசையையும் மரியாதையோடு அணுகும் போக்கு வளர்ந்தது. இப்போது கேள்வி நேர் எதிராகிவிட்டது: பெரிய பாப் நட்சத்திரங்களைக் குறை சொல்லவே விமர்சகர்கள் தயங்குகிறார்களா?

பெயர் போடாத விமர்சனம்

தயங்கக் காரணம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'தி டார்ச்சர்ட் பொயட்ஸ் டிபார்ட்மென்ட்' வந்தபோது, 'பேஸ்ட்' இதழ் அதைக் கடுமையாக விமர்சித்து 10-க்கு 3.6 கொடுத்தது. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. 2019-ல் அவரது 'லவ்வர்' ஆல்பத்தை விமர்சித்தவருக்கு வன்முறை மிரட்டல்கள் வந்ததால், இந்த முறை பெயரைப் போடவில்லை என்று இதழே அறிவித்தது. 2020-ல் 'ஃபோக்லோர்' ஆல்பத்துக்கு 10-க்கு 8.0 கொடுத்த பிட்ச்ஃபோர்க் விமர்சகரையும் ரசிகர்கள் விடவில்லை. அவரது தனிப்பட்ட தகவல்களை இணையத்தில் பரப்பினார்கள். பாராட்டி எழுதிய விமர்சனம்தான் அது. இன்னும் கொஞ்சம் பாராட்டவில்லை என்பதே குற்றம்.

கலைஞர்களும் சும்மா இருப்பதில்லை. 2019-ல் தனது ஆல்பத்துக்கு 6.5 கிடைத்ததும், சொந்தமாக இசையமைக்காமல் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு வேலையே இருக்கக் கூடாது என்று ட்வீட் செய்தார் பாடகி லிஸ்ஸோ.

அந்த வேலை உண்மையிலேயே குறைந்துகொண்டுதான் வருகிறது. 2015-ல் பிட்ச்ஃபோர்க்கை வாங்கிய காண்டே நாஸ்ட் நிறுவனம், 2024 ஜனவரியில் அதை ஆண்களுக்கான 'ஜிக்யூ' இதழோடு இணைத்தது. தலைமை ஆசிரியர் பூஜா படேல் உட்படப் பலர் வெளியேற நேர்ந்தது. பிட்ச்ஃபோர்க்கின் முன்னாள் ஊழியர்கள் சிலர் அதே ஆண்டு 'ஹியரிங் திங்ஸ்' என்ற தளத்தைத் தாங்களே உரிமையாளர்களாக இருந்து தொடங்கினார்கள். 2025 ஜூலையில் நியூயார்க் டைம்ஸின் மூத்த பாப் விமர்சகர் ஜான் பரேலஸும் விமர்சகர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். இன்னொரு பக்கம், 2009 முதல் யூடியூபில் தனி ஆளாகக் கேமரா முன் நின்று 10-க்கு மார்க் போடும் ஆந்தனி ஃபாண்டானோவின் வீடியோவுக்காக லட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரீமிங் தளங்களில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் பாடல்கள் ஏறுவதாகப் பெரிய இசை நிறுவனங்களின் தலைவர்களே 2022-ல் சொன்னார்கள். டெய்லர் ஸ்விஃப்ட்டுக்கு விமர்சனம் தேவையில்லை. முதல் ஆல்பத்தோடு வரும் ஒரு சின்ன ஊர்க் குழுவுக்குத் தேவை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு, 'இதைக் கேளுங்கள், ஏனென்றால்..' என்று எழுதினால்தான் அந்தக் குழு வெளியே தெரியும்.

சரி, விமர்சனத்தை எப்படிப் படிப்பது?

முதலில் எழுதியவர் பெயரைப் பார்க்கலாம். ரோலிங் ஸ்டோன் 5 ஸ்டார் கொடுத்தது என்று சொல்கிறோமே தவிர, கொடுத்தது ஒரு தனி மனிதர்தான். அவர் இதற்கு முன் எதைப் பாராட்டினார், எதைத் திட்டினார் என்று தெரிந்தால் அவரது காது எப்படிப்பட்டது என்று பிடிபட்டுவிடும். எப்போதும் நமக்கு நேர்மாறாகச் சொல்லும் விமர்சகர்கூடப் பயன்படுவார். அவர் திட்டினால் நாம் தைரியமாகக் கேட்கலாம்!

அடுத்து தேதி. இப்போது உலகம் முழுக்க ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையில்தான் வருகின்றன; 2015 ஜூலையில் வந்த ஏற்பாடு இது. பல நேரம் விமர்சகர்களுக்கு ஆல்பம் முன்கூட்டியே கிடைத்துவிடும். கிடைக்காதபோது, ராத்திரி முழுக்கக் கேட்டு விடிவதற்குள் எழுதுவார்கள். 2013 டிசம்பரில் பியான்சே முன்னறிவிப்பே இல்லாமல் 14 பாடல்களையும் 17 வீடியோக்களையும் இறக்கியபோது அதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வந்த விமர்சனத்தையும், ஒரு வாரம் கழித்து வந்த விமர்சனத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, மார்க்கை மறைத்துவிட்டு விமர்சனத்தைப் படித்துப் பார்க்கலாம். ஷோகேர்ள் ஆல்பத்தில் மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டுகள் குறைவு என்பது கார்டியனின் முக்கியமான குறை. ஆல்பத்தைப் போட்டு இரண்டு முறை கேட்டுவிட்டு, மறுநாள் குளிக்கும்போது அதில் எந்த மெட்டாவது வாயில் வருகிறதா என்று பார்த்தால், அந்த 2 ஸ்டார் பொருந்துமா இல்லையா என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.